அண்ணாச்சி என்று கூப்பிட்ட கப்பல்

திருகோணமலைத் துறைமுகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது ரினோஸா என்ற பிள்ளை இருக்கிறாள். கிண்ணியாவைச் சேர்ந்தவள். போன மாதம் ஓய்வூதியப் பத்திரம் ஒன்றுக்குக் கையொப்பம் வாங்க நான் அங்கே போனபோது, தேநீர் ஊற்றித் தந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், நீங்க இருந்த காலத்திலயும் இவ்வளவு இந்தியக் கப்பல் வந்ததா?"

"வந்தது பிள்ளை. ஆனால் குரல் வேற."

அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ரேடியோவில் ஒரு கப்பல் கூப்பிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். திரும்பத்தான் வேண்டும். நானும் அப்படித்தான் முப்பது வருடம் மனிதர்களுக்கு முதுகைக் காட்டிக் கப்பல்களுக்குப் பதில் சொன்னவன். நான் படியிறங்கி, பஸ் ஏறி, அன்புவழிபுரம் வந்து சேர்ந்தேன். சொல்லாமல் விட்ட பதிலும் கூடவே வந்தது. வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் வேலை கப்பலோடு கதைக்கிற வேலை. துறைமுகத்துக்கு வரும் கப்பலும், நம் கரையோரமாகப் போகும் கப்பலும் முதலில் கூப்பிடுவது ரேடியோவின் பதினாறாம் சனலில். எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவான சனல் அது. கூப்பிட்டதும் பதில் சொல்லி, வேறு சனலுக்கு மாற்றி, கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். பெயர், கொடி, கடைசியாக விட்ட துறைமுகம், சரக்கு, எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது, எத்தனை பேர். ஒவ்வொன்றையும் நிமிடத்தோடு லொக் புத்தகத்தில் எழுத வேண்டும். பொத்தானை அழுத்தினால் நாம் கதைக்கலாம், விட்டால்தான் அவர் கதைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கதைக்க ஏலாது. கல்யாணம் கட்டிய புதிதில் என் மனைவி பகிடியாகச் சொல்வாள், "உங்களோட சண்டையும் பிடிக்க ஏலாது, என்ர முறை முடியுமட்டும் பேசாமல் இருக்கிறியள்."

கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அல்பா, பிராவோ, சார்லி என்று எழுத்தைச் சொல்லப் பழகினேன், மூட்டைப்பூச்சியோடு படுக்கப் பழகினேன். திரும்பி வந்து வேலையில் சேர்ந்தபோது நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. ரேடியோவுக்கு முன்னால் ஒரு தமிழனை இருத்துவதா என்று சிலர் கேட்டது எனக்குத் தெரியும். வாசலில் தினமும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மேலே ஏறுவேன். ஏறிவிட்டால் எட்டு மணித்தியாலம் நானும் கண்ணாடியும் கடலும்தான்.

அந்தக் காலத்து இந்தியக் கப்பல்களின் குரல் எனக்கு இன்னும் கேட்கும். பழைய கப்பல்கள். கொழும்பில் இடமில்லை என்றோ இயந்திரம் பழுதென்றோ ஒதுங்க வருபவை. கப்டன்மார் வயதானவர்கள், நல்ல ஆங்கிலம் பேசுவார்கள். பெயரைச் சொல்வதற்கு முன்னமே மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். "தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், நிலையத்தாரே. கொஞ்சம் நன்னீர் கிடைக்குமா? மரக்கறி ஏதும் கிடைக்குமா?" ஒரு கப்டன் தன் மகளின் பரீட்சை முடிவை அறிய ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துத் தருவீர்களா என்று கேட்டார். நிலையத்தால் முடியாது என்றேன். அவர் நன்றி சொன்னார். முடியாது என்றதற்கும் நன்றி.

இந்தியப் படை இங்கே வந்து போன காலத்தைப் பற்றி ரினோஸாவின் வயதில் உள்ளவர்கள் கேட்பார்கள். அது நான் வேலைக்கு வருவதற்கு முந்திய கதை. அதை எழுதச் சரியான ஆட்கள் வேறு இருக்கிறார்கள்.

சமாதானப் பேச்சு நடந்த நாட்களில் ஒரு புதிய ஹாபர் மாஸ்டர் வந்தார். துறைமுகத்தின் கப்பல் போக்குவரத்துக்கு எல்லாம் மேலானவர். காலி பக்கத்துச் சிங்களவர், கப்பலில் கப்டனாக இருந்து இறங்கியவர். அதிகம் பேசாத மனிதர். தன் அறையில் சின்ன ரேடியோ ஒன்றைத் திறந்து வைத்து நாள் முழுக்க எங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். கூப்பிட்டு ஏசமாட்டார். கடமை முடிந்து இறங்கும்போது பியோன் ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்து தருவார். அதில் பென்சிலால் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும்.

முதல் வாரம் எனக்கு வந்த துண்டில் நேரமும், நான் சொன்ன ஒரு சொல்லும் இருந்தன. 'நினைக்கிறேன்.' கீழே அவர் எழுதியிருந்தார்: நிலையம் நினைப்பதில்லை. நிலையத்துக்குத் தெரியும், அல்லது தெரியாது.

இன்னொரு நாள்: நிலையம் சிரிக்காது. ஒரு கிரேக்கக் கப்டன் எதையோ சொல்ல நான் சிரித்துவிட்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. எட்டு மணித்தியாலம் ஒரு மனித முகத்தைக் காணாதவன் ஒருமுறை சிரித்தால் என்ன? ஆனால் நான்கைந்து மாதம் போனபின் கவனித்தேன், கப்பல்காரர்கள் என்னிடம் ஒரு விஷயத்தை இரண்டாம் தரம் கேட்பதில்லை. சொன்னால் சொன்னதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த மனிதரிடம் அதற்காக நான் ஒருபோதும் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு துண்டு வந்திருக்கும்.

கடல் பொங்கி வந்த அந்த மார்கழியில் எங்கள் உட்துறைமுகம் தப்பியது. நிலாவெளிப் பக்கம் தப்பவில்லை. மறுநாள் நான் சட்டை மாற்றாமல் கதிரையில் இருக்கும்போது பதினாறாம் சனலில் ஓர் இந்தியக் கப்பல் கூப்பிட்டது. இளமையான குரல், அவசரமில்லாத குரல். பெயரைச் சொன்னது. பிறகு கேட்டது: "உங்களுக்கு என்ன தேவை என்று சொல்லுங்கள். எங்களிடம் டாக்டர்கள், தண்ணீர், மருந்து இருக்கிறது."

பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினேன். எத்தனையோ வருடம் என்ன வேண்டும் என்று நான்தான் கேட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்து அந்தக் கேள்வி வருவது அதுவே முதல் தடவை. பெரிய நாடு ஒன்று வளர்வதை ஆட்கள் பத்திரிகையில் படித்து அறிவார்கள். நான் அந்த ஒரு கேள்வியில் அறிந்தேன்.

போர் முடிந்த பிறகு கரையோரம் கப்பல்கள் கூடின. நிலக்கரிக் கப்பல்கள்தான் அதிகம். இந்தியாவின் கிழக்குக் கரையில், வடக்குப் பக்கத் துறைமுகங்களில் கரி ஏற்றித் தூத்துக்குடி மின்நிலையத்துக்குப் போவார்கள். இராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் ஆழம் இல்லை. பெரிய கப்பல் ஏலாது. அதனால் இலங்கையை முழுக்கச் சுற்றித்தான் போக வேண்டும். அவர்களுடைய ஆலைகள் ஓட, அவர்களுடைய ஊர்களில் விளக்கெரிய, அந்தக் கரி எங்கள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அவை குரல்கள் மட்டும். "நல்ல காவல், நிலையமே" என்று சொல்லி விலகிப் போகும் குரல்கள்.

அப்படிப் போன கப்பலொன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தை மாதம். வாடைக் காற்று. காலை ஒன்பது நாற்பதுக்கு 'பான் பான்' என்று மூன்று முறை ஒரு குரல். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் வேறு சொல். இது அதற்கு ஒரு படி கீழே, அவசரம் என்று அர்த்தம். இந்திய நிலக்கரிக் கப்பல். இருபத்தெட்டு மைல் தூரத்தில் நிற்கிறது. கப்பலைச் செலுத்தும் மேலறையின் கண்ணாடியைக் கழுவ ஏறிய மாலுமி ஒருவன், கப்பல் உருண்டபோது கீழ்த்தட்டில் விழுந்துவிட்டான். வயது இருபத்தாறு. தொடை எலும்பு முறிந்துவிட்டது, உள்ளே இரத்தம் போகிறது. தூக்கி வந்து அந்த மேலறையில் படுக்க வைத்திருக்கிறோம். திருகோணமலையில் இறக்க அனுமதி வேண்டும்.

நான் ஹாபர் மாஸ்டருக்குச் சொன்னேன். அவர் தொலைபேசியில் ஒவ்வோர் இடமாகக் கூப்பிடத் தொடங்கினார். எங்கள் துறைமுகத்துக்கு வராத கப்பலில் இருந்து ஓர் ஆளை இறக்குவது லேசான காரியம் இல்லை. கப்பலுக்கு இங்கே முகவர் இருக்க வேண்டும். குடிவரவுக்காரர், சுகாதாரப் பகுதி, கடற்படை என்று எல்லாரும் ஒப்பமிட வேண்டும். அதற்குப் பிறகுதான் படகு போகலாம். கப்பலைத் துறைமுக வாயை நோக்கித் திரும்பச் சொன்னோம். அந்தக் கடலில் இரண்டரை மணித்தியாலம் எடுக்கும் என்றார் கப்டன்.

பத்து மணிக்கு அவர் மறுபடி கூப்பிட்டார். வட இந்தியர், குரலில் பதற்றம் தெரிந்தது.

"நிலையமே, அங்கே தமிழ் பேசுகிறவர் யாரும் உண்டா? சற்றலைற் தொலைபேசியில் எங்கள் டாக்டர் சொல்கிறார், இவனைப் பேச வைத்துக்கொண்டே இருக்கட்டாம். பதில் குறைந்தால் உடனே சொல்லட்டாம். இவன் வலியில் தமிழ் தவிர ஒன்றும் பேசுகிறானில்லை. எங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது."

நிலையம் கதை பேசுவதில்லை. அது எனக்கு யாரும் பென்சிலால் எழுதித் தர வேண்டியதில்லை. பதினாறாம் சனலை இரண்டாவது ரேடியோப் பெட்டியில் திறந்து வைத்துவிட்டு, அந்தக் கப்பலை வேறு சனலுக்கு மாற்றினேன். ஒலிவாங்கியை அவன் வாயருகே பிடிக்கச் சொன்னேன்.

"தம்பி, கேக்குதோ? நான் திருகோணமலையில இருந்து கதைக்கிறன்."

இரைச்சல். மூச்சு. பிறகு, "யாரு?"

"உங்களோட தமிழில கதைக்கச் சொன்னவை. பேர் என்ன?"

"சேவியரு. நீங்க மலையாளமா?"

"இல்லைத் தம்பி, தமிழ்தான்."

"மலையாளம் மாரியே இருக்கு."

கோபுரத்தில் தனியே இருந்து சிரித்தேன். சிரித்தது ரேடியோவிலும் போயிருக்கும்.

"எந்த ஊர்?"

"தூத்துக்குடி. நாளக்கழிச்சு வீட்டுக்குப் போயிருப்பேன், அண்ணாச்சி. இப்பிடி ஆயிட்டே."

என்னை அதற்கு முன் யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் அந்தச் சொல் கிடையாது. நான் லொக் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டேன். என் கேள்வி முடிந்து பொத்தானை விட்டதும் சுவர் மணிக்கூட்டின் நொடி முள்ளைப் பார்ப்பேன். அவன் பதில் தொடங்க எத்தனை நொடி என்று எழுதுவேன். டாக்டர் கேட்டது அதைத்தானே. இரண்டு. இரண்டு. மூன்று.

"வீட்டில ஆரெல்லாம் இருக்கினம்?"

"என்ன கேக்கீங்க?"

"வீட்டில யார் யார் இருக்காங்க?"

"அம்மை, அப்பா, தங்கச்சி. அப்பாவுக்கு உப்பளத்துல வேல. காலு ரெண்டும் வெடிச்சுக் கெடக்கும் அண்ணாச்சி. செருப்பு வாங்கிக் குடுத்தாலும் போட மாட்டாரு. தங்கச்சி காலேசுல படிக்கா, கம்ப்யூட்டரு."

"வீடு சொந்த வீடோ?"

"ஓல வீடா இருந்துச்சு. இப்ப கட்டிட்டேன்." குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "ஞாயித்துக்கெழம மாடிக்குக் கான்கிரீட்டு போடுதோம். நான் போயி நிக்கணும். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, ஏமாத்திப்புடுவாங்க."

"எத்தனை அறை?"

"மேல ரெண்டு. மாடியில நின்னா பவர் ஹவுசு சிம்னி தெரியும் அண்ணாச்சி. நாங்க ஏத்திட்டுப் போற கரிதான் அங்க எரியுது. அம்மைகிட்ட சொன்னேன், ஒம்மவன் கொண்டாந்த கரியிலதான் ஒனக்கு லைட்டு எரியுதுன்னு. நம்ப மாட்டேங்கா."

நான்கு. மூன்று. ஐந்து.

உப்பளத்தில் கால் வெடித்தவரின் மகன் கப்பலில் கரி கொண்டுபோகிறான், மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள், ஓலை வீட்டுக்கு மேல் மாடி வருகிறது. அந்தக் கரையில் என்ன நடக்கிறது என்பதை யாரும் அதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. அதைச் சொன்னவன் செத்துக்கொண்டிருந்தானோ என்னவோ.

"அண்ணாச்சிக்குப் பிள்ளைக இருக்கா?"

"ஒரு மகள். சென்னையில படிக்கிறா."

"நம்ம மெட்ராசுலயா!" வலியையும் மறந்து சந்தோஷப்பட்டான். "அப்ப அவ திரும்ப மாட்டா அண்ணாச்சி. அங்கதான் இப்ப வேல கெடைக்கே."

இந்த முறை பதில் பிந்தியது என் பக்கம். அதை நான் புத்தகத்தில் எழுதவில்லை.

"வருவா," என்றேன். "படிப்பு முடியட்டும், வருவா."

பத்தே முக்காலுக்குப் பிறகு அவன் குறையத் தொடங்கினான். ஏழு. ஒன்பது. கேட்டதற்கு இல்லாமல் வேறெதற்கோ பதில் சொன்னான். தங்கச்சி பெயர் கேட்டேன், சிமெந்து மூட்டை நனையுது என்றான். பதினொன்று. பதினான்கு. பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். ஹாபர் மாஸ்டர். அவர் கோபுரத்துக்கு ஏறி வருவது வருடத்தில் ஒருமுறை நடந்தால் பெரிய காரியம். அவருக்குத் தமிழ் தெரியாது. கீழே அறையில் இருந்து இவ்வளவு நேரமும் கேட்டிருக்கிறார், நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது என் தோளுக்கு மேலால் புத்தகத்தைப் பார்த்தார். நேரம், நேரத்துக்கு எதிரே ஒற்றை இலக்கங்கள், கீழே வரவர இரட்டை இலக்கங்கள்.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவன் பதில் சொல்ல எடுக்கிற நொடி, சேர்."

அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே வரைக்கும் வாசித்தார். பிறகு தொலைபேசியை எடுத்துப் படகுத்துறைக்குச் சொன்னார், "படகை இப்போதே அனுப்புங்கள். துறைமுக வாயில் நின்று காத்திருக்க வேண்டாம், வெளியே போய்ச் சந்தியுங்கள்."

"சுகாதாரப் பகுதி இன்னும் ஒப்பமிடவில்லை, சேர்," என்றேன். "முகவரும் இல்லை."

"நான்தான் முகவர். ஒப்பம் பின்னால் வரட்டும்."

படகோட்டி நஸீர். கிண்ணியாக்காரன், என்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவன். ஐந்து நிமிடத்தில் அவன் குரல் இரண்டாவது பெட்டியில் வந்தது. "அண்ணன், கடல் பெரிசா இரிக்கி. வெளியால போனா திரும்பிறது கஷ்டம். சரி, போறன்."

நான் சேவியரிடம் திரும்பினேன். அவன் பேசவில்லை. பொத்தானை அழுத்தி அவன் பெயரைச் சொன்னேன். விட்டேன். இருபது நொடி. மறுபடி சொன்னேன். முப்பது. கப்டன் ஏதோ கத்துவது கேட்டது. என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஹாபர் மாஸ்டர் பக்கத்தில் நிற்கிறார். நான் சொன்னேன், "சேவியர், ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் போடேக்க அப்பாவை ஏமாத்திப் போடுவாங்கள். எத்தனை மூட்டை சிமெந்து எண்டு எனக்குச் சொல்லும். நான் எழுதி வைக்கிறன்."

நாற்பத்தோராவது நொடியில் பதில் வந்தது.

"நூத்திப் பத்து. எளுதிக்கிடுங்க. மணலு ஆத்து மணலு. கடல் மணலு ஏத்துனா எறக்கிரச் சொல்லுங்க."

எழுதினேன். கம்பி, ஜல்லி, தண்ணீர் வண்டிக்காரன் பெயர், எல்லாம் எழுதினேன். அவன் சொல்லச் சொல்ல, துறைமுகத்தின் லொக் புத்தகத்தில், கப்பல்களின் பெயருக்கு நடுவே, ஒரு வீட்டின் மாடி எழும்பியது. பதினொன்றே முக்காலுக்கு நஸீர் கப்பலின் ஓரத்தைப் பிடித்தான். அலையில் படகு ஆள் உயரம் ஏறி இறங்க, கப்பலின் பாரந்தூக்கியில் தூக்குக் கட்டிலைக் கட்டி இறக்கினார்கள். கடைசியாகச் சேவியர் சொன்னது: "ஆஸ்பத்திரிக்கு வாங்க அண்ணாச்சி. மூஞ்சியப் பாக்கணும்."

"வாறன்," என்றேன்.

அன்று எனக்கு மாற்று ஆள் பிந்தி வந்தார். அறிக்கை எழுதி முடிக்க ஐந்து மணி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் இருந்தான். இரண்டு மணித்தியாலம் வெளியே மர வாங்கில் இருந்தேன். இன்றைக்குப் பார்க்க ஏலாது, உயிருக்குப் பயமில்லை, நாளைக்கு வாங்கோ என்றார்கள். மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போனேன். மனைவி இறந்தபின் நானே சமைப்பேன். அன்று கொஞ்சம் கவனமாகச் சமைத்தேன். கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தது.

"அவங்கட நாட்டு ஆக்கள் வந்து கொண்டு போயிட்டினம்," என்றார் தாதி. "டாக்டர் ஒருவரும் கூட வந்தவர். கொழும்புக்குப் போய் அங்கயிருந்து பிளேனாம். எவ்வளவு கெதியா வந்திட்டினம் பாருங்கோ."

ஓம், எவ்வளவு கெதி. மரக்கறிக்கு மன்னிப்புக் கேட்ட நாடு, தன் மாலுமி ஒருவனுக்காக ஒரு நாளுக்குள் டாக்டரையும் பிளேனையும் அனுப்பியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷம்தான் பட்டேன். சாப்பாட்டுப் பெட்டியைத் தாதியிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அவன் முகம் எனக்குத் தெரியாது. அவன் என் பெயரைக் கேட்கவே இல்லை.

ஒப்பமில்லாமல் படகு அனுப்பியதற்கு ஹாபர் மாஸ்டரிடம் மேலிடம் விளக்கம் கேட்டது. அவர் ஒரு வரியில் பதில் எழுதி, என் லொக் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்தார். அவ்வளவுதான். எனக்கும் அன்று துண்டு ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றுக் காலிக்குப் போனார். விடைபெற வந்தபோது கைகொடுத்தார், கையைக் கொஞ்சம் நேரம் விடாமல் வைத்திருந்தார். அந்த மனிதரிடமிருந்து அது பெரிய பேச்சு.

ஆறேழு மாதம் கழித்து அதே கப்பல் கடந்து போகும்போது அதே கப்டன் கூப்பிட்டார். "உங்கள் நோயாளி நடக்கிறான், நிலையமே. கொஞ்சம் நொண்டல். கடலுக்கு வரமாட்டான், கரையில் வேலை கொடுத்திருக்கிறார்கள்." மாடி போட்டார்களா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. "செய்தி கிடைத்தது, நல்ல காவல்," என்றேன்.

அவன் சொன்னதுதான் நடந்தது. என் மகள் தர்ஷினி திரும்பவில்லை. மற்றவர்களுடைய பிள்ளைகள் கனடா, லண்டன் என்று போனார்கள். அவர்கள் வரமாட்டார்கள் என்று தெரிந்தே அனுப்பினார்கள். நான் என் பிள்ளையைப் பக்கத்துக் கரைக்குத்தானே அனுப்புகிறேன் என்று நினைத்தேன். தாய் இறந்த அடுத்த வருடம் படிக்கப் போனவள். படிப்பு முடியுமுன்பே வேலை கொடுத்துவிட்டார்கள், கப்பல் போக்குவரத்துக்குக் கணினி நிரல் எழுதுகிற கம்பனியில். பிறகு அங்கேயே கல்யாணம். "அப்பா, உங்கட துறைமுகத்தை நான் ஸ்கிரீனில பாக்கிறனான்," என்று ஒருநாள் சொன்னாள். "சின்னப் புள்ளி. கப்பல் வந்தால் பச்சையா மினுங்கும்."

ஓய்வு பெற்றதும் ஒரு மாதம் போய் அவளோடு இருந்தேன். பதினோராம் மாடி. காலை ஏழு மணிக்கு மகளும் மருமகனும் போய்விடுவார்கள். பேரன் பள்ளிக்கூடம், பிறகு நீச்சல், பிறகு கணக்கு வகுப்பு. கீழே பார்த்தால் நாள் முழுக்கப் பாலம் கட்டுகிறார்கள், ஒரு நிமிடம் நிற்கவில்லை. எல்லாருக்கும் போக ஓர் இடமும் அதற்கு ஒரு நேரமும் இருந்தது. நல்ல பிள்ளைகள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் மாலை ஏழு மணிவரை யாரும் என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடம் நானும் மண்ணெண்ணெய்க் கானோடு நின்றேன். இந்தியாவில் இருந்து கப்பல் வருகுதாம் என்று ஒரு கதை வரிசை நெடுக ஓடி வரும். உடனே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். "உங்களுக்குத் தெரியும்தானே ஐயா, எப்ப வரும்?" தெரியாது என்பேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக ஒருநாளும் இருந்ததில்லை.

இப்போது இந்தியாவில் இருந்து கடலுக்கு அடியால் குழாய் வரப்போகிறது, மின்கம்பி வரப்போகிறது, எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் புதிதாகப் போகின்றன என்று பத்திரிகை முழுக்க இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் கூடிக் கதைக்கிறவர்களில் சிலர் அவர்கள் வந்தால்தான் நமக்கு விடிவு என்கிறார்கள். சிலர் வந்தால் நம்முடையது நம்முடையதாய் இராது என்கிறார்கள்.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் என் வீட்டுக்கும் வந்தார். இரண்டு கிழமைக்கு முன் தர்ஷினி தொலைபேசி எடுத்தாள். "அப்பா, வியாழக்கிழமை திருகோணமலைக்கு வாறன்."

உடனே கேட்டேன், "எத்தனை நாள் நிப்பாய்?"

"கம்பனி ஆக்களோட வாறன் அப்பா. துறைமுகத்தைப் பார்க்கிறதுக்கு. ரெண்டு நாள். நிலாவெளியில ஹோட்டல் போட்டிருக்கினம். வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்களிட்ட வாறன்."

வெள்ளிக்கிழமை ஒன்று ஐந்துக்கு ஒரு வெள்ளை வான் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை, அதில் அவள் படம், அதற்கு மேல் வேறொரு நாட்டுக் கொடி. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் இந்த வீட்டுக்குள் கால் வைக்கிறாள். காலையில் என் பழைய கோபுரத்துக்குப் போனதாகவும், ரினோஸா எல்லாவற்றையும் காட்டியதாகவும் சொன்னாள். "நீங்க எங்கட சேர்ட மகளோ எண்டு கட்டிப்பிடிச்சிட்டா." பாரைமீன் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். தாயின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விறாந்தையில் சாய்மானக் கதிரையில் சாய்ந்தாள்.

"விடிய மூண்டு மணிக்கு எழும்பினது அப்பா. சரியா ரெண்டு மணிக்கு எழுப்பி விடுங்கோ. ரெண்டரைக்கு மீற்றிங்."

சொல்லி முடிக்கவில்லை, தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஆறு வயதிலும் அப்படித்தான் தூங்குவாள். தலைமயிரில் இரண்டு மூன்று நரை. அதை அவள் தொலைபேசிப் படங்களில் நான் கண்டதில்லை. மேசையில் அவளுடைய தொலைபேசி சத்தமில்லாமல் மினுங்கி மினுங்கி அணைந்தது. நான் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். இரண்டு மணியானது. வெளியே வான் சாரதி ஒருமுறை ஹோர்ன் அடித்தான். நான் வாசலுக்குப் போய், கொஞ்சம் பொறுங்கோ என்று கையால் காட்டிவிட்டு வந்து மறுபடி இருந்தேன்.

இரண்டு பத்துக்கு அவள் தோளைத் தொட்டேன்.

திடுக்கிட்டு எழுந்து தொலைபேசியைப் பார்த்தாள். "ஐயோ அப்பா, ரெண்டு மணிக்கெல்லோ எழுப்பச் சொன்னனான்?"

"சுவர் மணிக்கூடு பிந்தி ஓடுதாக்கும்," என்றேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். மணிக்கூடு சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு வானில் ஏறினாள்.